ஆய்வேடா, ஏரித் தண்ணியா?

அக்கா பொண்ணு விலங்கியல் எம்.எஸ்சி கடைசி வருஷம். "ஒழுங்கா ஆய்வேடு எழுது, அதுக்குத்தான் மதிப்பு"ன்னு வீட்ல பிடிவாதம். அவளோ காட்டூர்ல தங்கி, தினம் ஏரித் தண்ணியோட உப்பை அளந்து பதியப் போறாளாம். என் ஓட்டு அவளுக்குத்தான் மக்களே.

'மீனவருக்கு நாக்குல வெச்சாலே உப்பு தெரியுமே, இதெதுக்கு?'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா பழவேற்காடு முகத்துவாரம் மணல் மூடிட்டா இறால் குஞ்சு உள்ளே வராது. பாடு முறையில தன் முறை வந்தும் வலை காலி. தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கும்போது நாக்கு சாட்சி எடுபடாது. தேதி போட்ட கணக்கு வேணும்.

மீன்வளப் படிப்புல 2015-லேயே 'ஸ்டூடண்ட் ரெடி'ன்னு களப்பயிற்சியைக் கொண்டு வந்துட்டாங்க. மத்தவங்களுக்கு என்ன தயக்கம்?

என் ஆய்வேடா? தங்க எழுத்து பைண்டிங்கோட நூலகத்துல தூங்குது. நானே திரும்பப் படிச்சதில்லீங்க :-)