வென்றால் நீளும் ஒப்பந்தம்

1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜோ லூயிஸ், ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டார். தோற்றவரின் மேனேஜர் ஜோ கூல்ட் அன்றிரவு ரொம்பக் கலங்கியிருக்க மாட்டார். லூயிஸ் வென்றால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளில் ப்ரோமோட்டர் மைக் ஜேகப்ஸுக்குக் கிடைக்கும் நிகர லாபத்தில் பத்து சதவீதம் தங்கள் தரப்புக்கு வரவேண்டும் என்று அவர் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார். பட்டம் கைமாறியது, பட்டத்தின் வருமானத்தில் ஒரு பங்கு பழைய கையிலேயே தங்கியது.

இந்தச் சண்டையே நடந்திருக்கக் கூடாது என்று மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் நீதிமன்றம் போயிருந்தது. பிராடக் அதனுடன் செய்திருந்த ஒப்பந்தப்படி, அவர் முதலில் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கோடு மோத வேண்டியவர். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணை தர மறுத்தது. பிராடக்கைக் கட்டுப்படுத்திய ஷரத்து நியாயமான எல்லையைத் தாண்டி விரிந்திருந்தது என்பது முக்கியக் காரணம். அதாவது, எழுதியவர் பேராசைப்பட்டதால் எழுதப்பட்டதே பயனற்றுப் போயிற்று. வீரர்களுக்காகவும் நிறுவனங்களுக்காகவும் ஒப்பந்தம் எழுதுகிற நம் வாசகர்களுக்கு எண்பத்தெட்டு ஆண்டுக்கு மேல் பழைய இந்த வழக்கு இன்னும் உதவும்.

தொழில்முறைக் குத்துச்சண்டையின் வணிகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மில் பலர் உடனே கேட்பது, மேனேஜருக்கு எத்தனை சதவீதம் என்பதுதான். முப்பத்து மூன்றா, இருபத்தைந்தா என்று வாதாடி, அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் கட்சிக்காரருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி வருகிறது. எனக்கு அந்தத் திருப்தியில் நம்பிக்கை இல்லை. வீரரைக் கெடுத்த ஒப்பந்தங்களைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் நஞ்சு சதவீதத்தில் இல்லை. வீரர் ஜெயித்தால் ஒப்பந்தம் தானாக நீளும் என்கிற வரியிலும், அந்த நீட்டிப்பின் பயனை அனுபவிப்பவர் யார் என்பதிலும்தான் இருக்கிறது.

1949இல் லூயிஸ் ஓய்வு பெறும்போது நடந்தது இதன் மிக அப்பட்டமான வடிவம். முன்னணிப் போட்டியாளர் நால்வரிடம் தனியுரிமை ஒப்பந்தம் வாங்கி, அதை ஜேம்ஸ் நாரிஸ் குழுவுக்கு 1,50,000 டாலருக்கும் ஒரு சம்பள வேலைக்கும் அவர் மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது இன்டர்நேஷனல் பாக்சிங் கிளப். பட்டச் சண்டைக்கு வர விரும்பும் எவரும், வென்றால் அடுத்த சில ஆண்டுகள் தங்கள் மேடையில்தான் மோதுவேன் என்று கையெழுத்திட வேண்டும். இதுதான் அந்தக் கிளப்பின் முறை. யார் வென்றாலும் சாம்பியன் அவர்களுடையவர். 1955இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோகத் தடைச் சட்டம் குத்துச்சண்டைக்கும் பொருந்தும் என்றது. 1959இல் கிளப்பைக் கலைக்கும் உத்தரவை உறுதி செய்தது.

கலைத்தது அமைப்பை மட்டுமே. ஷரத்து வேறு பெயர்களில் தொடர்ந்தது. லிஸ்டனோடு 1964இல் மோதப்போன கேசியஸ் கிளேயின் அடுத்த சண்டைக்கான உரிமையை, லிஸ்டனுக்கே பங்கு இருந்த ஒரு நிறுவனம் 50,000 டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது. எதிராளி ஜெயித்தாலும் தனக்குக் காசு வரும்படி ஒரு சாம்பியன் ஏற்பாடு செய்திருந்த விவரம் பின்னால் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது.

இங்கிலாந்தில் இதே கேள்வி 1991இல் வேறு வாசல் வழியாக வந்தது. மைக்கேல் வாட்சனின் மேனேஜர் மிக்கி டஃப். வழக்கில் அவருடைய இயற்பெயரான பிரேகர் இருக்கும். ஒப்பந்தம் பிரிட்டிஷ் பாக்சிங் போர்டு ஆஃப் கன்ட்ரோல் அச்சிட்டுக் கொடுத்த மாதிரிப் படிவம், மூன்றாண்டு. இடையில் வீரர் பட்டம் வென்றால், மேனேஜர் விரும்பினால் மேலும் மூன்றாண்டு. வாட்சன் 1989இல் நைஜல் பென்னை வென்று காமன்வெல்த் மிடில்வெயிட் பட்டம் பெற்றார். நீட்டிப்புக்குக் கதவு திறந்தது. இதில் நீதிபதி ஸ்காட்டைத் தொந்தரவு செய்தது, மேனேஜரே ப்ரோமோட்டராகவும் இருந்ததுதான். தன் வீரருக்காக யாரோடு பேரம் பேச வேண்டுமோ, அந்த எதிர்த்தரப்பும் அவரே. ஒரே ஆள் இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பேரம் பேசினால் விலை எப்படி ஏறும்? அந்த ஒப்பந்தம் தொழில் சுதந்திரத்தை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது, செல்லாது என்று தீர்ப்பானது. அது ஒரு தனியார் வக்கீல் இரவோடு இரவாக எழுதிய ஒப்பந்தம் இல்லை, துறையை ஒழுங்குபடுத்தும் வாரியமே ஏற்ற படிவம் என்பதைக் கவனிக்க வேண்டும். மாதிரிப் படிவம் என்பதாலேயே அது நியாயமானது என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறையேனும் முழுதாகப் படிக்கலாம்.

(அதே ஆண்டு செப்டம்பரில் கிறிஸ் யூபாங்குடனான சண்டையில் மூளைக்காயம் பட்ட வாட்சன், அதே போர்டின் மருத்துவ ஏற்பாடுகள் போதவில்லை என்று வழக்குப் போட்டு வென்றதும் நமக்குத் தெரியும். விளையாட்டுச் சட்டத்தில் இரண்டு முன்மாதிரித் தீர்ப்புகளுக்குப் பெயர் கொடுத்த வீரர்கள் அரிது.)

கடலின் அந்தப் பக்கம் டிம் விதர்ஸ்பூனின் கதை பலரும் அறிந்தது. ப்ரோமோட்டர் டான் கிங். மேனேஜர் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். மேனேஜரின் பங்கு பாதி. 1986 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ஃபிராங்க் புருனோவை வென்று பட்டத்தைக் காப்பாற்றிய சாம்பியனுக்குப் பேசப்பட்ட தொகை ஐந்து லட்சம் டாலர். கழிவுகள் போகக் கைக்கு வந்தது சுமார் 90,000. தோற்ற புருனோவுக்கு ஒன்பது லட்சம். விதர்ஸ்பூன் வழக்கு தொடர்ந்தார், கடைசியில் சமரசமாகச் சுமார் பத்து லட்சம் டாலர் பெற்றார். இங்கேயும் ஐம்பது சதவீதம்தான் கண்ணில் படும். ஆனால் அப்பாவும் மகனுமாக மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த ஐம்பது சாத்தியமாயிற்று. கழிவுகளுக்குக் கணக்குக் கேட்க அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

இத்தகைய அனுபவங்கள் ஒன்றுசேர்ந்து வந்ததுதான் 2000 மே மாதம் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம். மேனேஜருக்கு ப்ரோமோட்டர் தொழிலிலோ, ப்ரோமோட்டருக்கு மேனேஜர் தொழிலிலோ பண ஆர்வம் இருக்கக்கூடாது. எதிராளியின் ப்ரோமோட்டர், சண்டைக்கு நிபந்தனையாக வீரரின் எதிர்கால உரிமையைக் கேட்டால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அது செல்லாது. ப்ரோமோட்டர் ஒரு சண்டையில் எவ்வளவு வாங்குகிறார், வீரரின் தொகையிலிருந்து எதையெல்லாம் கழிக்கிறார் என்பதை வீரரிடம் சொல்ல வேண்டும். ஜோ கூல்டில் தொடங்கி டான் கிங் வரைக்குமான வரலாற்றை வரிவரியாகப் படித்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும்.

ஓர் ஓட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். மேனேஜர்-ப்ரோமோட்டர் தடை, பத்து ரவுண்டும் அதற்கு மேலும் உள்ள சண்டைகளில் இறங்கும் வீரர்களுக்கு மட்டுமே. பத்தொன்பது வயதில் நான்கு ரவுண்டுச் சண்டைகளில் தொடங்கும் பையனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாழ்நாளைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்திடுவது பெரும்பாலும் அந்த வயதில்தான். சிறு ப்ரோமோட்டர்கள் எல்லா வேலையையும் ஒருவரே செய்யாவிட்டால் பிழைக்க முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் பத்து ரவுண்டுக்கு வளரும்போது பழைய ஒப்பந்தம் அப்படியே கூட வரக்கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

2025 ஜூலையில் அமெரிக்க காங்கிரசில் தாக்கலான புதிய மசோதா இந்த ஓட்டையை அடைக்கவில்லை. பழைய முறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறையை வைக்கிறது. சண்டை நடத்துவதும் தரவரிசை போடுவதும் பட்டம் தருவதும் ஒரே அமைப்பின் கையில் இருக்கலாம் என்கிறது. பதிலுக்கு ஒரு ரவுண்டுக்குக் குறைந்தபட்சக் கூலி, காப்பீடு, மருத்துவப் பரிசோதனை என்று அடிமட்ட வீரர்களுக்குச் சில உறுதிகள். அந்த உறுதிகளை எள்ளி நகையாட நான் தயாரில்லை. நான்கு ரவுண்டு வீரருக்கு அவை நிஜமான பணம். ஆயினும் இதற்கு ஆதரவாக நிற்கும் டிகேஓ குழுமம் நடத்தும் யூஎஃப்சியின் வரலாற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. அலி சட்டம் எட்டாத அந்தக் கலப்புச் சண்டை உலகில், சாம்பியனானால் ஒப்பந்தம் நீளும் என்ற ஷரத்து வீரர்கள் தொடுத்த ஏகபோக வழக்கில் முக்கியப் புகார்களில் ஒன்று. 37.5 கோடி டாலருக்குச் சமரசமாகி, 2025 தொடக்கத்தில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது அந்த வழக்கு. நாரிஸின் கிளப்பைக் கலைக்கப் பத்து ஆண்டு பிடித்தது. அதே ஷரத்தைச் சட்டத்தின் துணையோடு திரும்ப அழைத்துவர இவ்வளவு அவசரம் வேண்டாம் என்பது இவ்விதழின் கருத்து.

நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. ஃப்ளாய்ட் மேவெதர் 2006இல் பாப் ஆரமின் டாப் ரேங்க் நிறுவனத்துக்கு 7,50,000 டாலர் கட்டி ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். வெளியேறும் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அப்போது பலருக்கு அது கொழுத்த தொகையாகத் தெரிந்தது. ஒன்பது ஆண்டு கழித்துப் பாக்கியாவ் சண்டையில் மட்டும் அவர் இருபது கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார். அந்த மேடையில் அவரே தன் ப்ரோமோட்டர். இதைப் படித்துவிட்டு எல்லா வீரரும் மேவெதர் ஆகிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெளியேறும் தொகை என்று ஓர் எண் ஒப்பந்தத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் தடையைச் செல்லாததாக்குகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுடன் 2000இல் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்ட பெர்செப்ட் டிமார்க் நிறுவனம், காலம் முடிந்தபின்னும் வேறு யாரோடும் சேரும்முன் தனக்கு முதல் மறுப்புரிமை வேண்டும் என்று கேட்டபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்து காலத்துக்குப் பின் செல்லாது என்றது. இதைப் படித்தவுடன் நம் தரப்பில் ஒரு நிம்மதி வரும். வரக்கூடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை கட்டுப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளும் போக்கே நம் நீதிமன்றங்களில் பொதுவாக உண்டு. பட்டம் வென்றால் தானாக நீளும் ஷரத்து தன்னைக் காலத்துக்குள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளும். ஜாகீர் கான் தீர்ப்பை அங்கே அப்படியே பொருத்த முடியாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

ஆகவே நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், எழுதும் மேசையிலேயே செய்யவேண்டியது சில இருக்கின்றன. நீட்டிப்பு கேட்கும் தரப்பு அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டும். பட்டம் வென்ற வீரரின் குறைந்தபட்சத் தொகை பழையதைவிட எவ்வளவு உயரும் என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நீட்டிப்பு ஒரு தரம்தான், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு சண்டைக்கும் பின் முப்பது நாளில் வரவு, கழிவுக் கணக்கு வராவிட்டால் நீட்டிக்கும் உரிமை தானே காலாவதியாகட்டும். மேனேஜர் பெயரில் கையெழுத்திடுபவருக்கு ப்ரோமோட்டர் நிறுவனத்தில் பங்கோ உறவோ உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்குச் சங்கடப்படுகிறவரிடம் கட்சிக்காரரைக் கையெழுத்திட விடாதீர்கள், அவர் இருபது சதவீதம்தான் கேட்கிறார் என்றாலும்.