அவர் பிறந்த ஊர் எது?

தலைநகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் நம் சங்கத்தின் பழைய உறுப்பினர். எண்பதைத் தாண்டியவர். இரண்டு மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நான் எந்த ஊரில் பிறந்தேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். "கும்பகோணம்தானே அம்மா" என்றேன். "மன்னார்குடி. கும்பகோணத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். 1996-இல் நம் சங்க மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்க அறிமுகக் கட்டுரை எழுதினேன். அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறார், அவசரம். அம்மையார் கும்பகோணத்தில் படித்தவர் என்பது தெரியும். பிறந்ததும் அங்கேதான் என்று நானாகவே முடிவு கட்டினேன். போதாக்குறைக்கு, அவர் எழுதாத நூல் ஒன்றையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டேன். அது அதே பெயருடைய இன்னொருவர் எழுதியது. தலைப்பெழுத்து மட்டும் வேறு. நம் பெயர்களில் இது தீராத தொல்லை. தமிழில் ச., சி., சு. என்று தனித்தனியாக நிற்பவர்கள் ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லோரும் ஒரே 'எஸ்.' ஆகிவிடுகிறார்கள்.

மலர் பரணுக்குப் போய்விட்டது, பிழையும் அதோடு தூங்கிவிட்டது என்றுதான் நான் இருந்தேன். யாரோ ஓர் அன்பர் நல்லெண்ணத்துடன் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அம்மையாரைப் பற்றிக் கட்டுரை தொடங்கியிருக்கிறார். ஆதாரம் வேண்டுமே? நம் மலர் கிடைத்தது. அந்தக் கட்டுரையைப் பார்த்து ஒரு நாளிதழ் எழுதியது. பிறகு அந்த நாளிதழே கலைக்களஞ்சியத்தில் இரண்டாவது அடிக்குறிப்பாக ஏறிக்கொண்டது. என் ஊகம் ஒன்று இப்போது இரண்டு சாட்சிகளோடு நிற்கிறது! அம்மையாரின் பேத்தி ஊரைத் திருத்தினாள். ஆதாரம் இல்லை என்று மறுநாளே பழையபடி மாற்றிவிட்டார்கள்.

இப்படி வட்டமாகச் சுற்றிவரும் பிழை நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009-இல் ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்பவர் அமைச்சரானபோது, ஏற்கெனவே ரயில் வண்டி போல நீண்டிருந்த அவருடைய பெயரில் 'வில்ஹெல்ம்' என்று ஒரு பெட்டியை யாரோ விக்கிபீடியாவில் கோத்துவிட்டார். பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. பின்னர் அந்தப் பத்திரிகைகளே ஆதாரமாகக் காட்டப்பட்டன. அது வேடிக்கையோடு போயிற்று. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் கென்னடி சகோதரர்களின் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்ற பொய் 2005-இல் நான்கு மாதம் அங்கே கிடந்தது. வாழ்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கென்று தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

"என் பிறந்த ஊரை நானே சொல்கிறேன், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்று அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் முதலில் அவர் பக்கம்தான் பேசினேன். ஆனால் பிழையைச் செய்தவன் நான் என்பதால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போய், பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகல் இருந்தது. ஊர் மன்னார்குடி; அம்மையார் சொன்னது சரி. பிறந்த ஆண்டு அதில் 1942, பள்ளிச் சான்றிதழில் 1941. நம் தலைமுறைக்கு இது புதிதல்ல. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்றால் தலைமையாசிரியரே ஓராண்டைக் கூட்டிப் போட்டுக்கொள்வார். பென்ஷன் ஆணையில் அந்தத் தேதிதான் இன்றும் இருக்கிறது. முனைவர் பட்டம் 1971 என்று அம்மையார் உறுதியாகச் சொன்னார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினோம். 1973! "அப்படியா?" என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சொந்த வாழ்க்கைக்குச் சொந்தக்காரரே முழுச் சாட்சி அல்ல என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆதாரம் கேட்கும் விதியை இனி நான் குறை சொல்ல மாட்டேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றி எழுதப்பட்ட கட்டுரை, போதிய ஆதாரம் இல்லை என்று 2018 மே மாதம் விக்கிபீடியாவில் ஏற்கப்படாமல் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு! அவர் லேசர் ஒளியில் செய்த வேலை 1985-லேயே வெளிவந்தது. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்ததுதான் போதவில்லை.

நம் ஊர் விட்டு வந்து இங்கே உழைத்த அறிஞர்களைப் பற்றி எழுதி வைக்க யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அவர்கள் டில்லிக்காரர்கள். டில்லிப் பத்திரிகைகளுக்கு மதராஸிகள். மிஞ்சுவது நம் சங்க மலர்தான். பொன்னாடை, புகைப்படம், 'தமிழ்த்தொண்டாற்றிய செம்மல்' என்று நாலு வரி எழுதிவிட்டு, பிறந்த ஆண்டையும் நூல்களின் பெயரையும் கோட்டைவிடுகிறோம். புகழ்ச்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஆண்டும் ஊரும் நூலின் முதல் பக்கமும் பார்த்து எழுதினால் என்ன? அச்சேறும் முன் உரியவரிடம் புரூப் காட்டினால் என்ன? அவரிடம் உள்ள சான்றிதழையும் பதிவையும் நாம் பார்த்துச் சரிபார்க்கலாம். படமெடுத்து ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. முகவரியும் குடும்ப விவரமும் அவருடைய சொந்த விஷயம். இரண்டு ஆவணங்கள் இரண்டு ஆண்டுகளைச் சொன்னால், எது எதில் இருக்கிறது என்று இரண்டையும் எழுதிவிடலாம். அம்மையாரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் தம் பெயர் வேண்டாம், திருத்தத்தில் மட்டும் போதும் என்றார் அவர். ஆகவே 1996 மலரின் பிழைகளுக்கான திருத்தம், அவர் பெயருடனும் என் கையெழுத்துடனும், இதே இதழின் கடைசிப் பக்கத்தில் வருகிறது. புரூப்பை அவரிடம் காட்டினேன். ஒரு கால்புள்ளியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.