சட்டம் அறிவோம்: பிரியும் கூட்டாளிகளும் பெயர்ப் பட்டியலும்

கூட்டு வாணிபம் முறியும்போது கடையையும் சரக்கையும் பங்கிடுதல் எளிது. இருவரும் ஆண்டுக்கணக்கில் திரட்டிக் கணிப்பொறியில் ஏற்றிவைத்த வாடிக்கையாளர் பட்டியலோ, எத்தனை பிரதி எடுத்தாலும் குறைவதில்லை. ஆதலால் இருவருமே அதனை முழுமையாக உரிமை கொண்டாடுவர்; வழக்கு மூளும்.

சட்டம் கூறுவதென்ன? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறித் தகவல் தொகுப்பையும் இலக்கியப் படைப்புகளுள் சேர்க்கிறது. அஞ்சல்வழி விற்பனை நிறுவனமொன்றின் பட்டியலை, விலகிச் சென்ற ஊழியர் பயன்படுத்தியபோது, தில்லி உயர் நீதிமன்றம் 1995-இல் தடை விதித்தது. ஆயினும், வெறும் உழைப்பு மட்டும் போதாது, தொகுப்பில் சிறிதேனும் சொந்த அறிவுத்திறன் விளங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 1996-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பெரும் முதலீட்டில் திரட்டிய தொகுப்புக்கு 15 ஆண்டுத் தனிக்காப்பு உண்டு.

நம் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலின்பொருட்டுத் தேடிய சொத்து நிறுவனத்தினுடையது. மாறான ஒப்பந்தம் இல்லையேல், நிறுவனம் கலைந்தபின் கணக்குத் தீரும்வரை, ஒருவர் அதனைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தாதவாறு மற்றவர் நீதிமன்றத்தை நாடலாம்.

எனவே, அன்பர்களே, கூடும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: தொகுப்பு யாருக்கு? பிரதி யாருக்கு? அழிக்க வேண்டியவர் யார்? பதிப்புரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் இன்றியமையாதவை, வாய்ச்சொல் செல்லாது.

இன்னுமொன்று. அப்பட்டியலிலுள்ள முகவரிகள், நம்மை நம்பி மக்கள் தந்தவை. இசைவு பெற்ற நோக்கத்திற்கே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதே 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. கூட்டாளிகள் பிரியலாம், அந்நம்பிக்கையைப் பங்குபோட எவருக்கும் உரிமையில்லை.