வித்தகம் தோற்றது, எளிமை வென்றது!

"பங்குச் சந்தை பாமரருக்குப் புரியாது, பணத்தை எம்மிடம் தாரீர், பெருக்கித் தருகிறோம்" என்பார் உளர். பெருகியது யார் பணம் என்று கேட்கிறோம்!

அமெரிக்கச் செல்வர் வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார். 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளை, பொறுக்கி எடுக்காமல், மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதி ஒருபுறம். வித்தகர் தேர்ந்தெடுத்த ஐந்து நிதிகள் மறுபுறம். 2008 முதல் 2017 வரை, பத்தாண்டு!

முதலாண்டிலேயே சந்தை சரிந்தது. குறியீட்டு நிதி நூற்றுக்கு 37 இழந்தது. போட்டி நிதிகள் அவ்வளவு இழக்கவில்லை. ஆனால், பந்தயம் ஓராண்டுக்கன்று! பத்தாண்டு முடிவில் குறியீட்டு நிதியில் 100 டாலர், ஏறத்தாழ 226 ஆயிற்று. வித்தகர் நிதிகளில் தலைசிறந்ததுகூட 188-ஐ எட்டவில்லை!

மாயமா? மந்திரமா? இல்லை தோழர்களே, கட்டணம்! இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், நிதியை நடத்துவோருக்கு ஒரு கூலி. அவர்கள் பணம் போட்ட நிதிகளுக்கு இன்னொரு கூலி. பொறுக்கும் வேலையே இல்லாத குறியீட்டு நிதிக்கோ கூலி சொற்பம்.

உழைத்துச் சேர்த்த காசு நம் காசு. நோய்நொடிக்கு வேண்டியதைக் கையில் வைப்போம். நெடுங்காலம் தொடத் தேவையில்லாததையே சந்தைக்கு அனுப்புவோம். வரவு உறுதியன்று, கட்டணம் உறுதி. உறுதியாகப் போவதைக் குறைப்போம்!