"ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க"

எறையூர்ப் பெரியவர்களுக்கும், படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

ஊரிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே அச்சு: "அண்ணா, உங்க கம்பெனியில ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க." என்ன படித்தான், வெல்டிங் தெரியுமா, கணக்கு எழுதுவானா, ஒன்றும் இருக்காது. பயோடேட்டா கேட்டால் ஆதார் அட்டையின் படம் வரும். "பார்க்கலாம் தம்பி" என்பதைத் தவிர நான் என்ன சொல்ல? "மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒரு வருஷம் பாய்லரில் அப்ரண்டிஸ். அங்க இதுக்கு என்ன சர்டிபிகேட் கேப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்பேன். அப்படிக் கேட்கும்போதே உங்கள் பெயர் இன்னொருவர் காதில் விழுந்துவிடும்.

நமக்கு 'ஆள் தெரியும்' என்றால் மாமா, மச்சான், பங்காளி, மிஞ்சினால் கட்சிக்காரர். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆளால் பெற்றவர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்தான் சொல்லியிருக்கிறார். நம்மோடு தினமும் டீ குடிப்பவனுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்ததுதானே! நம் பக்கத்தில் இதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஒரே பாலிடெக்னிக்கில் படித்த இரண்டு பையன்களுக்கு நடுவில்கூட வேலைச் சேதி தெரு தாண்டிப் போவதில்லை.

அதனால்தான் சிப்காட்டைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். 2022 நவம்பரில் நம்மூரில் தொழிற்பூங்கா திறந்தார்கள். அடுத்த நவம்பரில் க்ராக்ஸ் செருப்பு செய்யும் ஆலை வந்தது. வேலைக்குப் போவதில் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் வேறு ஊர், வேறு தெரு. எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே சம்பளம் கூட என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். மகளின் போனை வாங்கி யார் நம்பர் என்று விசாரிக்கும் அப்பாக்களே, அவளுடைய அடுத்த வேலை அந்த நம்பர்களில் ஒன்றில் இருக்கலாம். விட்டுவிடுங்கள்.

சர்க்கரை ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்களையும் நாம் மறந்துவிட்டோம். ஒரு பழைய ஃபிட்டருக்கு மற்ற ஆலைகளிலும் அரியலூர் சிமெண்ட் கம்பெனிகளிலும் பழகிய ஆட்கள் இருப்பார்கள். வேலையில் இருப்பவருக்கு இல்லாத நேரமும் அவருக்கு இருக்கிறது. திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுங்கள். எடுத்த எடுப்பில் சிபாரிசு கேட்காதீர்கள்.

வெளிநாட்டு ஏஜெண்டிடம் பணம் கட்டுவது வேறு கதை. பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். அவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. எதுவானாலும், பணம் கட்டுமுன் அந்தக் கம்பெனியில் இப்போது வேலை செய்யும் ஒருவரிடம் பேசிவிடுங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, நாட்டைவிட்டு வந்தவன் ஊர்க்காரன் குரலைக் கேட்டால் பேசாமல் இருக்கமாட்டான்.

என்னைப் போல் வெளியே இருப்பவர்களுக்கும் ஒன்று. லீவில் ஊருக்குப் போகும்போது சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ரூம் வாடகை, சாப்பாடு, ஏஜெண்டுக்கு வாங்கிய கடன் எல்லாம் போக மிஞ்சுவதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தானே ஒருவன் நிலத்தை அடகு வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான்?

என்னிடம் கேட்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேளுங்கள். மற்ற நாளில் ஓவர்டைம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை