ஒரு ரிமோட் போதும், அத்தை!

சகோதரிகளே, உங்கள் வீட்டு டி.வி.க்கு எத்தனை ரிமோட் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். எங்கள் வீட்டில் இரண்டு. டி.வி.க்கு ஒன்று. கேபிளை நிறுத்திவிட்டு என் பையன் வாங்கி மாட்டினானே, கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஸ்டிக், அதற்கு ஒன்று. 'இரண்டுதானே, இதற்குப் போய் ஒரு பக்கமா?' என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு 78 வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தால் நாலு மணிக் காப்பி வரை அசைய மாட்டார். ஸ்டிக் வந்த ஒரு மாதத்தில் அந்தப் பழக்கம் நின்றே போயிற்று. "ஏன் அத்தை, சீரியல் பார்க்கலையா?" என்றால், "அலுத்துப் போச்சும்மா. கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்" என்பார். வயசாகிறது, அதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். 'அத்தை முன்னே மாதிரி இல்லை' என்று பக்கத்து வீட்டில் கவலைப்படக்கூடச் செய்தேன்!

ஒரு நாள் ரேஷன் கடை பூட்டியிருந்ததால் போன சுருக்கில் திரும்பிவிட்டேன். கூடத்தில் டி.வி. ஓடுகிறது, படம் இல்லை. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும். அத்தை மடியில் இரண்டு ரிமோட்டையும் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "நான் ஒண்ணும் பண்ணலைம்மா. சத்தம் கூட்டத்தான் அமுக்கினேன், எல்லாம் போயிடுச்சு" என்றார்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அத்தை?"

"தினம் எத்தனை தடவைம்மா உன்னைக் கூப்பிடறது?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருந்த மனுஷி, ஒரு சீரியல் பார்க்க இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டுமா? அலுத்துப் போனது சீரியல் இல்லை, கேட்டுக் கேட்டு நிற்பதுதான்.

அன்று இரவே பையனைப் போனில் பிடித்துவைத்துக் கேட்டேன். ஒரே ரிமோட்டில் இரண்டையும் நடத்த இரண்டு வழி உண்டாம். கைச்செலவு ஒரு பைசா இல்லை.

முதல் வழி, ஸ்டிக்கின் ரிமோட்டையே வைத்துக்கொள்வது. இப்போது வரும் பல ஸ்டிக் ரிமோட்டுகளில் டி.வி.யை அணைக்கவும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் பொத்தான்கள் இருக்கின்றன. ஸ்டிக்கின் 'செட்டிங்ஸ்' பகுதியில் ரிமோட் அல்லது 'எக்விப்மென்ட் கண்ட்ரோல்' என்று இருக்கும் இடத்துக்குப் போய், உங்கள் டி.வி.யின் கம்பெனிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பிறகு அந்தச் சின்ன ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசும், டி.வி.யோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பேசும்.

இரண்டாவது வழி, டி.வி. ரிமோட்டையே வைத்துக்கொள்வது. ஸ்டிக்கை டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. என்ற துளையில் செருகுகிறோமே, அதில் 19 முனைகள். 13-வது முனைக்கு ஒரே வேலை: ஒரு கருவி சொல்வதை இன்னொன்றுக்குக் கடத்துவது. இதற்கு 'சி.இ.சி.' என்று பெயர். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. டி.வி.யின் செட்டிங்ஸில் இதைத் தேடி 'ஆன்' செய்யுங்கள். ஸ்டிக்கின் செட்டிங்ஸிலும் 'எச்.டி.எம்.ஐ. சி.இ.சி.' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டி.வி. ரிமோட்டின் அம்புக்குறி, ஓகே, பேக் பொத்தான்களுக்கு ஸ்டிக்கும் கட்டுப்படும். மைக்கில் பேசித் தேடுவது போன்ற சிலது மட்டும் இதில் நடக்காது.

எது நல்லது என்கிறீர்களா? யார் பார்க்கப் போகிறாரோ, அவரைக் கேளுங்கள். நான் முதலில் சின்ன ரிமோட்டைத்தான் அத்தையிடம் கொடுத்தேன். "எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு, எது எதுன்னு தெரியலையே" என்றார். டி.வி. ரிமோட் கைக்குப் பழகினது, பொத்தானும் பெரிசு. அதையே வைத்துக்கொண்டோம். ஓகே பொத்தானில் ஒரு சிவப்பு ஒட்டுப் பொட்டு, பேக் பொத்தானில் ஒரு பச்சைப் பொட்டு. "வேண்டியதுக்குச் சிவப்பு, தப்பாப் போனா பச்சை" என்று ஒரே பாடம். மறுநாளே தேறிவிட்டார்!

இன்னும் சில குறிப்புகள்:

ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கிறவர்கள், காலையில் போட்டதும் ஸ்டிக்குக்கு உயிர் வர ஒரு நிமிஷம் போலப் பொறுக்க வேண்டும். அதைப் பெரியவர்களிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தாங்கள்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோவார்கள்.

டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லையா? அதன் நுனியைச் செல்போன் காமிராவுக்குக் காட்டிப் பொத்தானை அமுக்குங்கள். பெரும்பாலான போன்களில், முக்கியமாகச் செல்ஃபி காமிராவில், லேசான ஊதா வெளிச்சம் மின்னும். மின்னாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, இளம் தாய்மார்களுக்கு: மிச்சமான ரிமோட்டைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்திரமாக எடுத்துவையுங்கள். சில சின்ன ரிமோட்டுகளில் காசு மாதிரி வட்டப் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நேற்று வழக்கம்போல நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோனேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கே வைம்மா. விளம்பரம் வரட்டும்" என்றார்.

காப்பி ஆறித்தான் போயிற்று. போகட்டுமே!