மருந்துச் சீட்டு யாருக்காக எழுதப்படுகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி மாலையில்தான் இறங்குகிறார்கள். இவர்களில் ஒருவர் கையிலிருக்கும் மருந்துச் சீட்டில் 'டி.டி.எஸ்., பி.சி.' என்றிருக்கிறது என்று கொள்வோம். நாளைக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின் என்பது அதன் பொருள். எந்த உணவு? ஜீப் ஏறுமுன் குடித்த தேநீரா, தோட்டத்தில் திறக்கும் தூக்குவாளிச் சோறா? சீட்டு இதற்கு விடை சொல்வதில்லை. ஏனெனில் அது அவரை நோக்கி எழுதப்பட்டதே அல்ல.

மருந்தை விழுங்குபவரே சீட்டின் முதல் வாசகர் என்பது என் வாதம். நம் சீட்டுகளோ, மருத்துவர் மருந்துக் கடைக்காரருக்கு எழுதும் ரகசியக் கடிதங்களாக இருக்கின்றன. மொழியும் ஆங்கிலம்கூட அல்ல, இறந்துபோன இலத்தீனின் எலும்புகள். 'பி.டி.' என்றால் இரு வேளை. 'எச்.எஸ்.' என்றால் உறங்கும் நேரம். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசிச் சுருக்கத்தைப் பொதுவாக அபாய அழைப்பாகவே நாம் அறிந்திருக்கிறோம். தேவைப்பட்டால் போடும் மாத்திரையை ஒருவர் அவசரம் என்றெண்ணிப் போட்டுக்கொண்டால், பிழை யாருடையது?

இவை உலகப் பொதுவழக்கு என்பது முதல் மறுப்பு. அப்படியொன்றும் இல்லை. இங்கே 'ஓ.டி.' என்றால் நாளைக்கு ஒரு வேளை. அமெரிக்காவில் அது வலது கண். அங்கே ஒரு வேளைக்கு எழுதப்பட்டது 'கியூ.டி.'. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அந்நாட்டுக் கூட்டு ஆணையம், 2004இல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் அதையும் சேர்த்தது. இன்சுலின் அலகைக் குறிக்கும் 'யு' என்ற ஒற்றை எழுத்தும் அப்பட்டியலில் உண்டு. அது பூச்சியமாக வாசிக்கப்பட்டால் 10 அலகு 100 ஆகிவிடும். மருத்துவமனை ஊழியர்களே தடுமாறும் இடத்தில் தோட்டத் தொழிலாளியிடம் என்ன எதிர்பார்க்கிறோம்?

நேரமில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவின் வரிசையைப் பார்த்தவர் எவரும் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு கட்டங்களைச் சீட்டிலேயே அச்சிட்டுவிட்டால், ஒரு குறியிட எவ்வளவு நேரமாகும்? '1-0-1' என்று எழுதும் நல்ல வழக்கம் ஏற்கெனவே நம்மிடம் வந்துவிட்டது. அதுவும் போதாது. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் உண்ண வேண்டிய மாத்திரை. அன்றாடம் உண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகக்கூடும். 'வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும்' என்ற ஒரு தமிழ் வரிக்கு ஈடான சுருக்கம் எதுவுமில்லை.

கடைக்காரர் சொல்லிவிடுவார் என்பது மூன்றாவது. பலர் பொறுமையாகச் சொல்லவும் செய்கிறார்கள், உறைமேல் எழுதியும் தருகிறார்கள். அதன் பொருள், நோயாளி கையில் கிடைக்கும் ஒரே தமிழ்ப் பிரதி மருத்துவர் எழுதாதது என்பதுதான்.

சட்டமும் பாதி வழியில் நின்றுவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட மருத்துவக் கவுன்சில் விதி, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதச் சொன்னது. வாசிக்கத்தக்க சீட்டைப் பெறுவது அடிப்படை உரிமை என்று 2025இல் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்போம். ஆனால் பெரிய எழுத்தில் அழகாக எழுதினாலும் 'டி.டி.எஸ்.' 'டி.டி.எஸ்.'தான். கையெழுத்து திருந்தினால் எழுத்து தெரியும், பொருள் தெரியாது.

தமிழில் இதெல்லாம் இயலாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டலாம். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். அயலார் ஒருவர் உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் எழுதினார். நாமோ 'இரவு சாப்பிட்ட பின்' என்று எழுதத் தயங்குகிறோம்.

மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது கடைக்காரருக்கு. உண்ணும் முறை தமிழில் இருக்கட்டும், அது நோயாளிக்கு. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இதைப் பயிற்றுவிக்கத் தொடங்கலாம். அதோடு ஒரு கேள்வியும்: 'எத்தனை மணிக்கு வேலைக்குப் போறீங்கம்மா?' அதைக் கேட்காமல் எழுதப்படும் மூன்று வேளை, மருத்துவருடைய மூன்று வேளைதான்.